ஒரு கையா, இரண்டு கையா

பேரூர் இன்னும் தாண்டவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டது. இடது கையில்தான் முதலில். சுண்டு விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்று, அப்புறம் அது பக்கத்து விரலுக்குத் தாவி, உள்ளங்கை ஓரமாக இறங்கி, இப்போது ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பது என் கைதானா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் கைதான். புறங்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு, மணிக்கட்டில் வளையல் இல்லை. வளையலை நான்தான் கழற்றினேன், கிரிப்பில் இடிக்கிறது என்று. ஊர் அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டியது, கொட்டட்டும். வலது கைக்கு வந்துவிட்டதா? இன்னும் இல்லை. வரும். தினமும் வருகிறது. இடது மரத்து ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம், வலதும் மரத்துவிடும், இரண்டு மாதமாகப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை நிமிடம் இருக்கிறதே, அதில் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். இடது கை மட்டும் என்றால் அது சைக்கிள் இல்லை, அது நெஞ்சுக்குள் இருக்கிற சாமான். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் கொஞ்சம். வீட்டுக்காரர் போனபோது ஐம்பத்தாறு, அவருக்கும் சர்க்கரை இல்லை. வா, வலது கையே, வந்து தொலை. வருகிறது. கட்டைவிரல் அடியில் மதமதப்பு. இதோ, நடுவிரல். அப்பாடா. இரண்டு கையும். சைக்கிள்தான். உடனே அந்த அப்பாடாவுக்குப் பின்னால் ஓர் ஏமாற்றம் வந்து நிற்கிறது, அதை நான் பார்க்காத மாதிரி மிதிக்கிறேன்.

ஒரு கையை எடுத்து உதறு. அடுத்து மற்றதை. முழங்கையை விறைப்பாக வைக்காதே, மடக்கு. மணிக்கட்டை உடைத்துப் பிடிக்காதே, நேராக வை. பாரம் முழுக்கக் கையில் இறங்கினால் மரக்கத்தான் செய்யும், சீட்டில் உட்கார், வயிற்றைப் பிடித்து உட்கார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்று. இதெல்லாம் எனக்கு மனப்பாடம், நாற்பது வருஷம் முன்னால் கான்வென்ட்டில் கேட்டகிசக் கேள்வி-பதில் ஒப்பித்த மாதிரி ஒப்பிப்பேன், ஆனால் இந்தச் சைக்கிள் அவர் உடம்புக்கு அளவெடுத்தது. அவர் ஐந்தடி எட்டு அங்குலம், நான் ஐந்தடி ஒன்று. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் ஹேண்டில்பார் அந்தக் கோடியில் நிற்கிறது, ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு அந்தப் பக்கம் விழுந்த துணியை எடுப்பவள் மாதிரி எட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். மரக்காமல் என்ன செய்யும்? ஆகவே என் கை இரண்டும் மரப்பதை வைத்து அவருக்கும் இரண்டும் மரத்தது என்று சொல்ல முடியாது. இது முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் இரண்டு மாதமாக ஓட்டுகிறேன். எதிர்வீட்டுக் கோமதி கேட்கிறாள், "ஏனுங்க்கா, வருஷம் தெரும்பறதுக்குள்ள சைக்கிளெல்லாம் எதுக்குங்க?" வருஷம் திரும்பின பிறகு கார் ரேஸ் போகலாம் என்று இருக்கிறேன் கோமதி, நீ பின்னால் உட்கார்ந்துகொள் என்றேன். அன்றிலிருந்து கேட்பதில்லை. நாக்கு ஒன்றுதான் எனக்கு மரக்காத உறுப்பு.

பால் வண்டிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகிறான், போடா, ரோடு உங்கப்பன் வீட்டுது. பச்சாபாளையம். டீக்கடை வாசலில் நேற்றுப் பார்த்த அதே பெரியவர், அதே மஃப்ளர், "அம்மிணி, பாத்துப் போ, மேக்க மழ எறங்கீருக்குது." மலை தெரியவில்லை, மேகம் அடிவாரம் வரை போர்த்திக்கொண்டு கிடக்கிறது. ரோடு ஈரம். ஈர ரோட்டு வாசனையில் எனக்கு ஏன் முருங்கைக்கீரை வாசனை வரவேண்டும்? வருகிறது. எந்த வாசனையில் ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் முடிகிறது. தினமலரை விரித்து, நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். கீரையில் பூச்சிக்கூடு இருந்தது, அதனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பூச்சிக்கூடு இருந்ததா? இருந்தது. இல்லாவிட்டாலும் எடுத்திருக்கமாட்டேன், உண்மையைச் சொல்லவேண்டுமென்றால். ஃப்ரிட்ஜ் திறந்தது, மூடினது, தண்ணீர் குடிக்கிற சத்தம், அவர் தண்ணீர் குடித்தால் எருமை குடிப்பது மாதிரி கேட்கும். அப்புறம், "சுகு, இங்க பாரேன்." நான் பார்க்கவில்லை. "சைக்கிள்ல போனா இப்படி ஆயிப்போகுது, பாரேன், மரத்துப்போயிருது, ஒணர்ச்சியே இல்ல." நான் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். "உங்களைப் பார்த்துட்டுத்தான இருக்கறேன், இருபத்தெட்டு வருஷமா. இனி புதுசா என்ன தெரியப்போகுது?" சிரித்தார். சிரிப்பு கேட்டது. என்னமோ செய்து காட்டினார், சட்டைத் துணி சரசரத்தது, கையைத் தூக்கினார் அல்லது நீட்டினார், என் கண்ணின் ஓரத்தில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. அவ்வளவுதான். ஒரு விநாடி. கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் திருப்புகிறோமே, அவ்வளவு நேரம்.

அதில் ஏறி இறங்கியது ஒரு கையா, இரண்டு கையா? இதுதான். எட்டு மாதமாக எனக்கு வேறு வேலை இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது இரண்டு கை. இரண்டையும் முன்னால் நீட்டி, பொட்டலம் வாங்குகிறவர் மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க. துல்லியமாகத் தெரிகிறது, மோதிரம்கூடத் தெரிகிறது. சரி, முடிந்தது என்று கையைத் துடைப்பேன். மாடியில் துணி காயப்போடும்போது ஒரு கை. இடது. வலது கையால் இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காட்டுகிறார். அதுவும் துல்லியம். அப்புறம் யோசித்தால் வலது கையில் தண்ணீர் பாட்டில் இருந்திருக்குமே, பாட்டிலோடு எப்படி இரண்டையும் காட்டுவார்? ஆனால் பாட்டில் வைத்த சத்தம் கேட்டதே. கேட்டதா? அது மறுநாள் சத்தமாக இருக்கும். இத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்ததில் அந்த ஒரு விநாடி கசங்கியே போய்விட்டது, இனி அதில் என்ன எழுதியிருந்தாலும் படிக்க முடியாது. டாக்டர்கள் இப்படிக் கோடு கிழித்துப் பிரிக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இடது கை மரத்தவர்களெல்லாம் சாவதில்லை, செத்தவர்களுக்கெல்லாம் கை மரத்ததில்லை. எனக்கு டாக்டர் பதில் வேண்டாம். இரண்டு கை என்றால் அது சைக்கிள், மாரடைப்பு என்கிற சனியன் தானாக வந்தது, என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இடது மட்டும் என்றால், மனிதர் வந்து என் முன்னால் நின்று, பாரேன் பாரேன் என்று இரண்டு தடவை சொல்லி, தன் சாவைக் கையில் பிடித்துக் காட்டியிருக்கிறார், நான் கீரை உருவியிருக்கிறேன்.

ஸ்பீடு பிரேக்கர். பார்க்கவில்லை. முன்சக்கரம் ஏறி விழுந்ததில் இரண்டு உள்ளங்கையிலும் கரண்ட் அடித்த மாதிரி. சமாளித்துவிட்டேன். கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், ஜெல் வைத்த கிளவுஸ், அலமாரியில் இருக்கிறது, அவர் கை வடிவம் இன்னும் அதில் அப்படியே உப்பிக்கொண்டு நிற்கிறது, போடத் தைரியமில்லை. கிளவுஸ் அவருடைய சைக்கிள் குழுவின் உபயம். பதினாலு ஆண்பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமையானால் உடம்பை ஒட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பையை யாருக்கும் மறைக்காமல், விடியற்காலை கிளம்பி எங்கேயாவது போய் இட்லி தின்றுவிட்டு வருகிற கூட்டம். போன செப்டம்பரில் அவர் அந்த வாட்ஸப் குழுவில் எழுதியிருக்கிறார், "ரைடில் மரத்துப்போகிறது, என்ன வழி?" அவ்வளவுதான். பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் தரப் பரிசோதனை, ஒரு குழாய் கீறியிருந்தால் எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்று ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதுவார், தன் உடம்பென்றால் ஒரு வரி. அதற்குப் பதினாலு பேரும் விழுந்து விழுந்து யோசனை. கிரிப் மாத்துங்க. ஹேண்டிலைத் தூக்குங்க. சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கும், அதான் பாரம் முன்னால் வருது, சமமா வைங்க. கிளவுஸ். பி டுவல்வ் மாத்திரை. வாழைப்பழம். குழுவில் ஒரு டாக்டர்கூட இருக்கிறார், பல் டாக்டர், அவரும் கிளவுஸ் என்றுதான் எழுதியிருக்கிறார், எந்தக் கம்பெனி கிளவுஸ் என்று லிங்க் வேறு. ஒருத்தருக்காவது, ஜெகதீசன், எந்தக் கை என்று கேட்கத் தோன்றவில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உடம்பில் எது வலித்தாலும் சைக்கிளில் ஒரு போல்ட்டைத் திருகினால் சரியாகிவிடும். பதினாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கவேண்டும் என்று எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அவர்களுக்கு அவர் எழுதினார். என்னிடம் காட்டினார்.

அடுத்த புதன்கிழமை காலை ஏழே காலுக்கு ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. லேஸில் சிக்கு விழுந்துவிட்டது என்று நினைத்தேன். "என்ன, இன்னிக்கு முழுக்கக் கட்டுவீங்களா?" என்று சமையல்கட்டிலிருந்து கேட்டேன், அதுதான் அவரிடம் நான் கடைசியாகப் பேசியது, அதை அவர் கேட்டிருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார், எனக்கு அதிலும் சந்தேகம். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், கையில் ஒரு ஃபாரம். "முன்னாடி ஏதாவது தொந்தரவு சொன்னாரா மேடம்? நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, கை வலி, மரத்துப்போறது?" பார்த்துப் படிக்கிறான். மரத்துப்போறது என்று அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது, கையைத் தூக்கிக்கொண்டு, மிஸ் மிஸ் எனக்குத் தெரியும் மிஸ் என்று. என் வாய் சொன்னது, "நோ டாக்டர். நத்திங்." பயந்தால் எனக்கு இங்கிலீஷ்தான் வரும், சிஸ்டர்கள் அப்படி வளர்த்தார்கள். அவன் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டான். தாரிணி ஹைதராபாத்திலிருந்து பறந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு கேட்டாள், "அப்பா ஒண்ணுமே சொல்லலையாம்மா?" சொல்லலடி. அவளுக்கும் ஒரு கோடு. ஒருமுறை கோடு போட்டுவிட்டால் திரும்பப் போய் அழிக்க முடிகிறதா? எட்டாம் வகுப்பில் சிஸ்டர் பெலிசிட்டா இதயம் வரையச் சொன்னார்கள், நாலு அறை, சிவப்புப் பென்சில் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், அம்புக்குறி. பத்துக்குப் பத்து. என் படத்தைத்தான் போர்டில் ஒட்டினார்கள், வருஷம் பூராவும் ஒட்டியிருந்தது. வால்வுகளின் பெயர் இப்போது கேட்டாலும் சொல்வேன். சொல்லி?

மேடு. மாதம்பட்டிக்கு முன்னால் இந்த மேடு ஒன்று, காரில் போனால் மேடு என்றே தெரியாது. கியரை இறக்கு. பாக்குத் தோட்டத்திலிருந்து சில்லென்று ஒரு காற்று, கழுத்து வேர்வையில் பட்டு உடம்பு சிலிர்க்கிறது. பள்ளிக்கூடப் பெண்கள் மூன்று பேர், "ஆண்ட்டி சூப்பர்!" ஆண்ட்டியாம். ரிப்பனைச் சரியாகக் கட்டிக்கொள்ளுங்கள் முதலில். மாதம்பட்டிச் சைக்கிள் கடைக்கு நான் எதற்குப் போகிறேன்? சொல்லிப் பார்க்கிறேன், வாய்விட்டு, யாருமில்லை ரோட்டில். "வெள்ளியங்கிரி, அவர் சைக்கிளை உங்கிட்டத்தான கொண்டாந்தாரு. எந்தக் கைன்னு சொன்னாரு?" அதட்டலாக வருகிறது. வேண்டாம். "வெள்ளியங்கிரி, எனக்குக் கை மரக்குது, கொஞ்சம் பாரு." அப்படி ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாக, "இவருக்கும் இப்படித்தான இருந்துச்சு, ரெண்டு கையும்தான?" ஆம். அப்படி. ரெண்டு கையும்தான என்று கேட்டால் ஆமாங்க்கா என்றுதான் சொல்வான், மரியாதைக்காரன். ஆனால் மரியாதைக்குச் சொன்னதா, நிஜமா என்று அப்புறம் அதை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டவேண்டும். நேராகத்தான் கேட்கவேண்டும். அவன்தான் மூன்று வாரத்தில் மூன்று தடவை சைக்கிளைப் பிரித்துப் பூட்டியவன். தொட்டுப் பார்த்து, உட்காரவைத்து, பிடிக்கச் சொல்லிப் பார்த்திருப்பான். அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததனால்தான் காரியத்துக்குப் பிறகு வீட்டுப் பக்கமே தலைவைக்கவில்லை. என் வீட்டில் எத்தனை ஞாயிறு டிபன் தின்றவன், அக்கா அக்கா என்று அடுப்படி வரை வந்தவன், எட்டு மாதம், ஒரு போன் கிடையாது. இடது கை என்று அவனுக்குத் தெரியும், முகத்தில் முழிக்க முடியவில்லை. அப்படித்தான் இருக்கும். திரும்பிப் போய்விடலாமா? இன்றைக்கு மழை. நாளைக்கு வரலாம். நேற்றும் இதைத்தான் சொன்னேன், இந்த மேட்டுக்குக் கீழேயே திரும்பினேன், போன வாரம் இரண்டு தடவை. அவன் "எடதுங்க்கா" என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போகிற பத்து கிலோமீட்டரை எப்படி ஓட்டுவேன் என்று தெரியவில்லை. ஆனால் தெரியாமலே ஓட்டுவதும் ஓட்டமில்லை. மிதி. கை இரண்டும் இப்போது சுத்தமாக இல்லை, மணிக்கட்டோடு முடிந்துபோயிருக்கிறேன். பிரேக்கைப் பிடித்தால் விரல் மடங்குகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வீடு பின்னால், கடை முன்னால். வெள்ளியங்கிரி வாசலில் குத்தவைத்து ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சைக்கிளைத்தான் பார்த்தான், என்னையில்லை. அவன் கை தொட்டியிலேயே நின்றுவிட்டது. அப்புறம் எழுந்து, வேட்டி நுனியில் கையைத் துடைத்து, "வாங்கக்கா" என்றான். இளைத்திருந்தான். தலை நரைத்திருந்தது, நாற்பது வயசில் என்ன நரை. நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை, வழக்கம்போல நாக்கு முந்திக்கொண்டது, "ஏன், எங்க வீட்டுக்கு வழி மறந்துபோச்சா உனக்கு? ஜி.பி.எஸ். வேணுமா?" தலையைக் குனிந்துகொண்டான். "தப்புத்தானுங்க்கா." சரி, இப்போது கேள். "கை மரக்குது வெள்ளியங்கிரி," என்றேன். "இதுல ஓட்டினா. கொஞ்சம் பாரு." அவன் நிமிர்ந்தான். மனிதர்களின் முகம் அவ்வளவு வேகமாக வெளுக்கும் என்று எனக்குத் தெரியாது. "எந்தக் கைங்க்கா?" என்றான்.

ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தேன். "எந்தக் கைங்க்கா? எடது மட்டுமுங்களா, ரெண்டுமா? சொல்லுங்." கிட்டே வந்துவிட்டான், என் மணிக்கட்டைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி. ரெண்டும்தான்பா, எனக்குச் சைக்கிள் பெருசு, எட்டலை, என்றேன். மூச்சை விட்டான். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. இப்பெல்லாம் ஆரு வந்து கை மரக்குதுன்னாலும் மொதல்ல இதத்தானுங்க கேக்கறேன். கேட்டுப்போட்டுத்தான் ஸ்பேனரத் தொடறது." அப்புறம் அவனே சொன்னான், என்னைப் பார்க்காமல், சீட்டுக்கு அடியில் எதையோ துடைத்துக்கொண்டு. "அண்ணன் மூணு தடவ வந்தாருங்க. மூணும் ஞாயித்துக்கெழம, கூட்டம், நாலு வண்டி தலகீழா நிக்குது. மரக்குதுன்னாரு. ஹேண்டிலத் தூக்கி வெச்சேன். அடுத்த வாரம் கிரிப்பு மாத்துனேன். அப்பறம் சீட்டச் சமமாக்குனேன். சிரிச்சுட்டே நின்னாருங்க. எங்கூட்டு அம்மிணி வைத்தியம் சொல்லீட்டா வெள்ளியங்கிரி, என்னோட கையப் புடிக்கற மாதிரி ஹேண்டிலப் புடிங்க, அழுத்தமே இருக்காது, மரக்காதுன்னு சொல்றா, அப்படின்னாரு. எல்லார்த்துகிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருங்க அன்னைக்கு." நான் அப்படிச் சொன்னேனா? எப்போது? எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு சொல்லியிருப்பேன், எல்லாவற்றையும் மனிதர் எடுத்துப்போய் ஊர் முழுக்கப் பெருமை அடித்திருக்கிறார். "எங்கப்பனுக்கு எடது கைதானுங்க்கா," என்றான் வெள்ளியங்கிரி. "களத்துல நின்னுட்டு எடது கைய நீவி நீவி உட்டாரு, பொழுதோட போயிட்டாரு. எனக்குத் தெரியுமுங்க. எல்லார்த்தையும்விட எனக்குத்தான் தெரியும். எந்தக் கைண்ணான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, எடதுன்னு மட்டும் சொல்லியிருந்தாருன்னா, கடையச் சாத்திப்போட்டு இழுத்துட்டே போயிருப்பேன். கேக்கலீங்க்கா. நட்ட முறுக்கீட்டு இருந்தேன். அத நெனச்சுத்தான் உங்க மொகத்துல முழிக்க முடியல." துடைத்துக்கொண்டேயிருந்தான், அங்கே துடைக்க ஒன்றுமில்லை. அப்புறம், துணியை இறுக்கிக்கொண்டு, மெதுவாக, "உங்ககிட்டக் காட்டியிருப்பாருல்லங்க்கா. ஊட்டுல காட்டாம இருக்கமாட்டாருல்ல. எந்தக் கையக் காட்டுனாருங்?"

நான் இந்தக் கேள்வியை எட்டு மாதமாகச் சுமந்து, பத்து கிலோமீட்டர் மிதித்து, இவனிடம் கொண்டுவந்திருக்கிறேன். அது இவன் வாயிலிருந்து, இவன் குரலில், என்னைப் பார்த்து வருகிறது. நான் பார்க்கவில்லை வெள்ளியங்கிரி, என்று சொல்லலாம். கீரை உருவிக்கொண்டிருந்தேன். நீ நட்டை முறுக்கினாய், நான் கீரை உருவினேன், சரிக்குச் சரி. சொன்னால் எனக்கு ஒரு துணை கிடைக்கும், இந்த ஊரில் இதைப் பற்றிப் பேச ஓர் ஆள். அவன் கண்ணைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருப்பு, இரண்டு கட்டைவிரல் வைத்து அழுத்தின மாதிரி. இவன் ஒவ்வொரு வாடிக்கைக்காரனிடமும் எந்தக் கை, எந்தக் கை என்று எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பான்? "ரெண்டு கையும்," என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "ரெண்டு கையும்தான் வெள்ளியங்கிரி. இப்படி." நீட்டினேன், இரண்டையும், அவன் முன்னால், உள்ளங்கை மேலே பார்க்க. இரத்தம் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது, விரலெல்லாம் ஊசி குத்தியது. "இப்படி நீட்டிட்டு நின்னாரு. ரெண்டும் மரக்குதுன்னாரு. உதறினாரு, சரியாப்போச்சு." அவன் என் கைகளையே பார்த்தான். "நல்லாத் தெரியுங்களா, அக்கா? நீங்க பாத்தீங்களா?" இதற்குத்தான் கடவுள் எனக்கு இந்த நாக்கைக் கொடுத்திருக்கவேண்டும். "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீ நிக்கற தூரத்துல நின்னாரு. வேலையெல்லாம் போட்டுட்டு நிமுந்து பார்த்தேன். ரெண்டு கை. இன்னும் எத்தனை தடவை சொல்லோணும்?"

டயர் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டான், கிரீஸ் துணி, முகமெல்லாம் ஆகப்போகிறது என்று நினைத்தேன், சொல்லவில்லை. தோள் குலுங்கியது, அப்புறம் நின்றது. அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினான், "ஏ பூங்கொடி! ரெண்டு கையாமா! அக்காவே பாத்தாங்களாமா!" உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவன் பெண்டாட்டி ஈரக்கையோடு ஓடிவந்து என்னைப் பார்த்து, அவனைப் பார்த்து, "மாகாளியாத்தா," என்றாள், "நாந்தான் அப்பவே சொன்னனல்லங்க, சைக்கிளாத்தான் இருக்குமுன்னு. மனுசன் சோறு திங்கறதில்லீங்க்கா, ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. உக்காருங்க, காப்பி கொண்டாறேன்." போகிறபோது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். வெள்ளியங்கிரி போனை எடுத்தான். "பல் டாக்டருக்குச் சொல்லோணுங்க்கா. பாவம், அவரும் என்னயாட்டத்தான், வண்டியவே வித்துப்போட்டாரு. குரூப்புல போட்டா எல்லார்த்துக்கும் தெரிஞ்சுரும். போடட்டுங்களா?" போடு என்றேன். உதட்டை அசைத்து அசைத்து அடித்தான், எனக்குப் படித்தும் காட்டினான். அண்ணனுக்கு ரெண்டு கையும்தான் மரத்தது, சுகந்தி அக்கா நேரில் பார்த்தவங்க. "செரிதானுங்களே?" செரிதான். அமுக்கினான். உடனே ஒருவர் கும்பிடுகிற கையைப் போட்டார், இன்னொருவர், இன்னொருவர். எனக்கு ஒரு கணக்கு இருந்தது, வருகிற வழியில் போட்டுவைத்தது. வெள்ளியங்கிரிக்குத் தெரியாவிட்டால் பல் டாக்டர், அவருக்கும் தெரியாவிட்டால் மற்றவர்கள், ஒவ்வொருவராகப் போய்க் கேட்கலாம், பதினாலு பேரில் ஒருவராவது அந்தக் கையைப் பார்த்திருக்கமாட்டாரா என்று. வெள்ளியங்கிரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து ஹேண்டில்பாரை என் பக்கம் இழுத்து வைக்க ஆரம்பித்தான், எந்த அளவு வேண்டும் என்று கேட்டுக் கேட்டு. நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அவர்களில் எவரிடமும் போய் நான் கேட்க முடியாது. நேரில் பார்த்தவள் நான்.